மெயில் சர்வரில் வடிகட்டி: குப்பையோடு போன ஒரு கடிதம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இமெயில் முகவரியும் வைத்துக் கொண்ட நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "எனக்கு யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் ஏன் மெயில் அனுப்புகிறார்கள்?" என்பது ஒன்று. "எனக்கு வர வேண்டிய மெயில் மட்டும் ஏன் வரவில்லை?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது உங்கள் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டரில் இல்லை. உங்களுக்கான மெயிலை முதலில் வாங்கி வைக்கும் மெயில் சர்வரில் இருக்கிறது.

மெயில் சர்வரை உங்கள் ஊர் தபால் நிலையம் என்று எண்ணிக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் அது விழித்துக் கொண்டிருக்கும். உலகின் எந்த மூலையிலிருந்தும் எந்தக் கம்ப்யூட்டரும் அதன் வாசலில் வந்து, "இவருக்கு ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லலாம். வாங்குவதா, மறுப்பதா, வாங்கிய பின் எந்தப் பெட்டியில் போடுவது என்பதை எல்லாம் சர்வரில் இயங்கும் சில புரோகிராம்கள் முடிவு செய்கின்றன. இவற்றைத்தான் ஸ்பேம் பில்டர், வைரஸ் பில்டர் என்கிறோம். நீங்கள் சர்வர் எதுவும் அமைக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் புரோகிராம்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று தெரிந்து கொண்டால், காணாமல் போன மெயிலை எங்கே தேடுவது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதனை நான் கற்றுக் கொண்ட விதம் சற்று வருத்தமானது.

மூன்று என்ற எண்

2007 ஆம் ஆண்டு. திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்திற்கு நான் மெயில் சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். மாத வாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் சர்வர். மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்பிக்ஸ், ஸ்பேம் பார்க்க ஸ்பேம் அசாசின், வைரஸ் பார்க்க கிளாம் ஏ.வி., இவற்றை இணைக்க அமாவிஸ் என்று நான்கு புரோகிராம்கள். நான்கும் இலவசம். இன்ஸ்டால் செய்ய ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது.

ஸ்பேம் அசாசின் வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். மொத்த மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் சென்றால் அது ஸ்பேம் என்று முத்திரை குத்தும். இந்த 5 என்பது அந்தப் புரோகிராமைத் தயாரித்தவர்களே வைத்திருக்கும் அளவு. நாம் விரும்பினால் மாற்றலாம்.

அந்த நாட்களில் மருந்து விளம்பரங்களும், போலி கைக்கடிகார விளம்பரங்களும், லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்திருக்கிறது என்ற செய்திகளும் வந்து குவிந்து கொண்டே இருந்தன. 5 என்ற அளவையும் தாண்டி சில உள்ளே நுழைந்தன. அலுவலகத்தில் முறையிட்டார்கள். நான் அளவை 3 ஆகக் குறைத்தேன். சர்வரில் ஹார்ட் டிஸ்க் இடமும் குறைவாக இருந்ததால், ஸ்பேம் என்று முடிவானதை எங்கும் சேர்த்து வைக்காமல் அப்படியே அழித்துவிடும்படி அமைத்தேன். மறுநாளே இன்பாக்ஸ் சுத்தமானது. எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்து போனேன்.

ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ஜெர்மனியில் இருந்த பையரிடமிருந்து போன் வந்தது. டி-ஷர்ட்டின் உயரத்தை 2 சென்டிமீட்டர் கூட்டும்படி மெயில் அனுப்பியிருந்தோமே, ஏன் பதில் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் யாரும் அந்த மெயிலைப் பார்க்கவில்லை. பழைய அளவிலேயே முதல் லாட் கட்டிங் முடிந்திருந்தது. வெட்டிய துணியை நீட்ட முடியாது அல்லவா?

நான் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். லாக் பைல் என்பார்கள். சர்வர் செய்யும் ஒவ்வொரு செயலும் நேரத்துடன் அதில் எழுதப்பட்டிருக்கும். மெயில் வந்திருந்தது. வாங்கப்பட்டிருந்தது. மதிப்பெண் 3.8. அழிக்கப்பட்டது. ஒரே ஒரு வரி. சப்ஜெக்ட் முழுவதும் பெரிய எழுத்துக்களில் அவசரம் என்று எழுதியிருந்தார்கள், அதற்குக் கொஞ்சம். கடிதம் முழுவதும் எச்.டி.எம்.எல். வடிவில், பெரிய படம் ஒன்றுடன் இருந்தது, அதற்குக் கொஞ்சம். அனுப்பிய சர்வரின் ஐ.பி. எண்ணுக்கு முறையான பெயர்ப் பதிவு இல்லை; அதற்கும் கொஞ்சம். தனித்தனியே எதுவும் குற்றம் இல்லை. கூட்டினால் 3.8. வழக்கமான 5 என்ற அளவை நான் தொடாமல் இருந்திருந்தால் அந்த மெயில் நேராக இன்பாக்ஸிற்கு வந்திருக்கும்.

அலுவலக முதலாளி கோபப்படவில்லை. "தம்பி, குப்பை நூறு வந்தாலும் நானே அழிச்சுக்குவேனுங்க. ஒரு கடுதாசி காணாமப் போச்சுன்னா அதை எங்க போய்த் தேடறதுங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவே எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க உட்கார்ந்தேன். கீழே நான் விளக்குவது அந்த அமைப்பைத்தான். பிற்காலத்தில் செய்த மாற்றங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாசலில் நடக்கும் சோதனை

கடிதத்தைப் பிரிக்கும் முன்பே, கொண்டு வந்தவர் யார் என்று பார்ப்பது முதல் சோதனை. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் ஐ.பி. எண்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் அமைப்புகள் உள்ளன. 1998ல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹவுஸ் இவற்றில் நன்கு அறியப்பட்டது. நம் சர்வர் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைக் கேட்டு, பெயர் இருந்தால் கதவைத் திறக்காது. பெரும்பகுதி குப்பை இங்கேயே நின்றுவிடும். சர்வருக்கு வேலையும் மிச்சம்.

ஆனால் பிறர் பட்டியலை நம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஓ.ஆர்.டி.பி. என்று ஒரு பட்டியல் இருந்தது. 2006 டிசம்பரில் அதனை மூடிவிட்டார்கள். பல சர்வர் நிர்வாகிகள் தங்கள் செட்டிங்ஸில் அந்தப் பெயரை நீக்க மறந்து, தொடர்ந்து கேட்டுக் கொண்டே இருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்கள் 2008 மார்ச்சில், கேட்கப்படும் எல்லா எண்ணுக்கும் "ஆம், இதுவும் பட்டியலில் உள்ளது" என்று பதில் தரும்படி செய்துவிட்டார்கள். மறந்தவர்களின் சர்வர்கள் அன்று வந்த நல்ல மெயில்களை எல்லாம் திருப்பி அனுப்பத் தொடங்கின. சார்ப்ஸ் என்ற மற்றொரு பழைய பட்டியலும் 2024 ஜூனில் மூடப்பட்டது. ஆகவே வருடத்திற்கு ஒரு முறையாவது இந்த வரிகளைத் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

கிரேலிஸ்டிங் என்று ஒரு உத்தியும் உண்டு. 2003ல் அறிமுகமானது. முன்பின் தெரியாத சர்வர் மெயில் கொண்டு வந்தால், "இப்போது முடியாது, சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது. முறையான சர்வர் சில நிமிடங்களில் மீண்டும் வரும். அவசரமாக லட்சக்கணக்கில் அனுப்பித் தள்ளும் ஸ்பேம் புரோகிராம் திரும்ப வராது. எளிமையான யோசனை, அன்று மிக நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இன்று பேங்க் முதல் ரயில் டிக்கெட் வரை எதற்கெடுத்தாலும் மெயிலில் ஓ.டி.பி. வருகிறது. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணைப் பதினைந்து நிமிடம் வாசலில் நிறுத்தி வைத்து என்ன பயன்? எனவே எல்லாருக்கும் கிரேலிஸ்டிங் என்பதை நான் நிறுத்திவிட்டேன்.

வாசலில் பார்க்க வேண்டிய இன்னொன்று, வந்திருப்பவர் சொல்லும் பெயர் உண்மைதானா என்பது. கவரின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? மெயிலிலும் அப்படித்தான். இதைத் தடுக்க எஸ்.பி.எப்., டிகிம், டிமார்க் என மூன்று ஏற்பாடுகள் வந்துள்ளன. இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று டொமைன் வைத்திருப்பவர் அறிவிப்பது எஸ்.பி.எப். மெயிலின் மீது டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகிம். இந்த இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன் உரிமையாளரே சொல்லி வைப்பது டிமார்க். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் மெயில் அனுப்புபவர்கள் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. யாஹூவும் அதே காலத்தில் தன் பங்கிற்கு இதனைக் கட்டாயமாக்கியது.

கடிதத்தைப் பிரித்தால்

வாசலைத் தாண்டி வந்த மெயிலைத்தான் ஸ்பேம் அசாசின் படிக்கிறது. படிக்கிறது என்று சொல்வது கூடச் சரியில்லை. நூற்றுக்கணக்கான விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது. சந்தேகம் தரும் விதி பொருந்தினால் மதிப்பெண் கூடும். நம்பிக்கை தரும் விதி பொருந்தினால் குறையும். சொற்களைத் தேடும் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திற்காக எழுதப்பட்டவை. தமிழில் வரும் ஸ்பேம் இந்த விதிகளில் சிக்காமல் நழுவிவிடும்.

இந்த இடத்தில்தான் பேயஸ் என்ற முறை கைகொடுக்கிறது. 2002 ஆகஸ்ட்டில் பால் கிரஹாம் என்ற புரோகிராமர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பின் இது பரவலானது. எப்படி என்று பார்க்கலாம். 200 நல்ல மெயில்களையும் 200 ஸ்பேம் மெயில்களையும் புரோகிராமிடம் கொடுக்கிறோம். அது எந்தச் சொல் எந்தக் கூட்டத்தில் எத்தனை முறை வந்தது என எண்ணி வைத்துக் கொள்கிறது. உதாரணத்திற்கு, கன்டெய்னர் என்ற சொல் நல்ல மெயில்களில் 60லும், ஸ்பேமில் ஒன்றே ஒன்றிலும் வந்திருந்தால், இனி அந்தச் சொல் வரும் மெயில் நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு ஒருவருக்குக் கன்டெய்னர் என்ற சொல்லே சந்தேகத்திற்கு உரியதாக இருக்கலாம். அவரவர் மெயிலை வைத்து அவரவர்க்கு ஏற்பக் கற்றுக் கொள்வதுதான் இதன் சிறப்பு. சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது, எண்ண மட்டுமே தெரியும் என்பதால் தமிழ் மெயில்களிலிருந்தும் அது கற்றுக் கொள்ளும்.

ஸ்பேம் அசாசினில் இருபுறமும் குறைந்தது 200 மெயில்கள் சேரும் வரை பேயஸ் பகுதி வாய் திறக்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. பத்து ஸ்பேமைக் காட்டிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று கைவிட்டுவிடுகிறார்கள். இன்னொரு தவறு, ஸ்பேமை மட்டுமே கற்றுக் கொடுப்பது. நல்லது எது என்று காட்டாமல் கெட்டதை மட்டும் காட்டினால் அதற்கு என்ன புரியும்? நான் அலுவலகத்தின் பழைய பையர் மெயில்கள் 600ஐ நல்ல மெயில் என்று ஊட்டினேன். அந்த ஒரு வேலைதான், மற்ற எல்லா செட்டிங்ஸையும் விட, அதிகப் பலன் தந்தது.

வைரஸ் பார்ப்பது தனி வேலை

ஸ்பேமில் சந்தேகம் உண்டு, மதிப்பெண் உண்டு. வைரஸில் பெரும்பாலும் உண்டு அல்லது இல்லை என்ற விடைதான். கிளாம் ஏ.வி. தன்னிடம் உள்ள வைரஸ் அடையாளங்களோடு அட்டாச்மெண்ட் பைலை ஒப்பிடுகிறது. ஜிப் பைலாக இருந்தால் அதனையும் பிரித்து உள்ளே பார்க்கும். அடையாளப் பட்டியலைப் புதுப்பிக்க பிரெஷ்கிளாம் என்ற துணைப் புரோகிராம் உள்ளது. மாற்றாமல் விட்டால் நாளொன்றுக்கு 12 முறை புதியது இருக்கிறதா என்று பார்க்கும். இது நின்று போனால் கிளாம் ஏ.வி. காலாவதியான மருந்து போலத்தான். ஒரு எச்சரிக்கை: இன்று இந்தப் பட்டியல் மிகப் பெரிதாகிவிட்டது. கிளாம் ஏ.வி. மட்டுமே 1 ஜி.பி.க்கு மேல் ராம் மெமரி கேட்கும். சிறிய சர்வரில் போட்டால் மெயில் வாங்குவதே நின்று போகலாம்.

பட்டியலில் இன்னும் சேராத புதிய வைரஸையும், பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஜிப் பைலுக்குள் இருப்பதையும் அதனால் பார்க்க முடியாது. மெயிலிலேயே பாஸ்வேர்டையும் எழுதி, பூட்டிய ஜிப் பைலை யாராவது அனுப்பினால், உங்களுக்குத் தெரிந்தவர் பெயரிலேயே வந்திருந்தாலும், போன் செய்து கேட்காமல் திறக்காதீர்கள். இந்தக் காரணத்தால் எக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ் போன்ற துணைப் பெயர் கொண்ட பைல்களை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்காமலே வாசலில் மறுத்துவிடும்படி போஸ்ட்பிக்ஸில் எழுதி வைத்தேன். 2000 மே மாதம் உலகையே கலக்கிய ஐ லவ் யூ வைரஸ் இப்படித்தான் வந்தது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த பைலின் துணைப் பெயர் முதலில் டாட் டிஎக்ஸ்டி, அதன் பின் டாட் விபிஎஸ். விண்டோஸ் கடைசித் துணைப் பெயரை மறைத்துக் காட்டியதால், வெறும் டெக்ஸ்ட் பைல் என்று எண்ணி லட்சக்கணக்கானோர் கிளிக் செய்தார்கள்.

விண்டோஸ் இன்றும் தானாக இதனை மறைத்தே வைக்கிறது. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்துங்கள். இந்தக் கட்டுரையை முடிக்கும் முன்பே செய்துவிடலாம்.

வைரஸ் பிடிபட்டால் அனுப்பியவருக்கு "உங்கள் மெயிலில் வைரஸ் உள்ளது" என்று பதில் போடும் வசதியும் இருந்தது. தயவு செய்து வேண்டாம். வைரஸ் அனுப்பும் மெயிலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யானது. 2004 ஜனவரியில் மைடூம் பரவியபோது, அதனுடன் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் இன்பாக்ஸ்கள் இத்தகைய எச்சரிக்கைகளால் நிறைந்தன.

அமைத்தபின் வேலை செய்கிறதா என்று சோதிக்க நிஜ வைரஸ் தேவையில்லை. ஐகார் என்ற 68 எழுத்துக்கள் கொண்ட சோதனைப் பைல் உள்ளது. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் எல்லா ஆண்டி வைரஸ் புரோகிராம்களும் அதனை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஸ்பேமிற்கும் இதே போல ஜிட்யூப் என்ற சோதனை வரி உண்டு. அது இருக்கும் மெயிலுக்கு ஸ்பேம் அசாசின் 1000 மதிப்பெண் போடும்.

அழிக்காமல் வைத்தது

அன்று இரவு மாற்றியவற்றில் முக்கியமானது இதுதான். அளவை மீண்டும் 5 ஆக்கினேன். 5க்கும் 15க்கும் இடையே வருவது சந்தேகத்திற்கு உரியது. அதனை அழிக்காமல், ஜங்க் என்ற தனி போல்டரில் போட வைத்தேன். 15க்கு மேல் சென்றால் வாங்காமலே மறுத்துவிடும். அழிப்பதற்கும் மறுப்பதற்கும் என்ன வேறுபாடு? வாங்கிக் கொண்டு அழித்தால் அனுப்பியவர் மெயில் சேர்ந்துவிட்டது என்றே நினைப்பார். வாசலிலேயே மறுத்தால், அவருடைய சர்வர் "உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை" என்று அவருக்குத் தெரிவிக்கும். அந்த ஜெர்மன் பையருக்கு அப்படி ஒரு வரி திரும்பிப் போயிருந்தால் அன்றே போன் செய்திருப்பார்.

வாங்கும்போதே படித்து மறுக்கும் இந்த வசதிக்கு மில்டர் என்று பெயர். போஸ்ட்பிக்ஸில் இது 2006ல் வந்த 2.3 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. நான் அதனைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இன்று புதிதாக அமைப்பவர்கள் பலர் ஆர்ஸ்பாம்டி என்ற வேகமான புரோகிராமைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 6 மதிப்பெண் வந்தால் முத்திரை, 15 வந்தால் மறுப்பு என்று இந்த இரண்டு படிகளும் முதலிலேயே அமைக்கப்பட்டுள்ளன.

அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்காவிடம் ஒரு வேலை ஒப்படைத்தோம். தினமும் காலையில் டீ வருவதற்குள் ஜங்க் போல்டரைப் பார்ப்பது. நல்ல மெயில் இருந்தால் இன்பாக்ஸிற்கு இழுத்துப் போட்டுவிடுவார்; இரவில் சர்வர் அதனைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக் கொள்ளும். முதல் மாதம் பதினொரு மெயில் மீட்டார். ஆறாவது மாதம் ஒன்றே ஒன்று.

உங்கள் மெயில் ஜிமெயிலில் இருந்தாலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். இடது பக்கப் பட்டியலில் மோர் என்பதனை கிளிக் செய்தால் ஸ்பேம் என்ற பிரிவு தெரியும். தவறாகச் சிக்கிய மெயிலைத் திறந்து நாட் ஸ்பேம் என்பதில் கிளிக் செய்தால், அது இன்பாக்ஸிற்கு வருவதோடு, பில்டருக்கும் பாடம் ஆகிறது. அங்கே 30 நாட்களுக்கு மேல் எந்த மெயிலும் இருக்காது, தானாக அழிந்துவிடும். வேலைக்கு விண்ணப்பித்திருந்தாலோ, பிள்ளைகளின் கல்லூரி அட்மிஷனுக்குக் காத்திருந்தாலோ, வாரம் இரு முறை பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது அங்குள்ள மற்ற மெயில்களில் எந்த லிங்க்கையும் கிளிக் செய்துவிடாதீர்கள். பெயரையும் சப்ஜெக்ட்டையும் படித்தாலே போதும்.